சரஸ்வதி படத்தின் முன் ஒரு துப்பாக்கி

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் முப்பதுக்கு மேல் இல்லை. சங்கம் வைத்துச் சண்டை போட அதுவே தாராளம். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆயுத பூஜையன்று, வாடகை மண்டபத்தில், சரஸ்வதி படத்தின் முன்னால் அவரவர் பிழைப்புக்கானதை வைத்தார்கள். டாக்டர் அங்கிள் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அப்பா கால்குலேட்டரை வைத்தார். நான் எனக்கு ஏறாத கணக்குப் புத்தகத்தை வைத்தேன். மதுரைக்கார அங்கிள் ஒருவர் கைத்துப்பாக்கியை வைத்தார். அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் இட்டிருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. எங்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறவர். ஆனால் ஒரு வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே பேசுகிற பேச்சும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அரசாங்கம் ஒருநாள் நம்மீது பாயும், நம்மை நாமேதான் காத்துக்கொள்ள வேண்டும், எதிர்த்துப் பேசுகிறவன் எதிரி. சங்கத் தேர்தலில் தோற்றதும் எங்கள் ஆட்களும் எதிரிகளாகிவிட்டார்கள். "எனக்கு எதிரா கை தூக்கினவங்க யாருன்னு தெரியும்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த மாதம் பூஜைக்கு இப்படி வந்து நின்றார்.

ஆயுத பூஜைக்கு ஆயுதம் வைக்காமல் கால்குலேட்டரா வைப்பார்கள் என்று அவர் சிரித்தார். சிலர் கூடச் சிரித்தார்கள். டாக்டர் அங்கிளின் கற்பூரத் தட்டு அந்த இடத்தில் மட்டும் சற்று வேகமாக நகர்ந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சுண்டல்கூட வாங்காமல் காருக்கு நடந்தாள். எனக்குச் சுண்டல் போன துக்கம்.

பெரிய துக்கம் பின்னால் வந்தது. தீபாவளி விழாவுக்கு எங்களுக்குக் கோலாட்டம் சொல்லிக்கொடுத்தவள் அம்மா. அதை நிறுத்திவிட்டாள். எனக்கு ஜோடி அந்த மதுரைக்கார அங்கிளின் மகள்தான். இரண்டு பேரும் போனில் அழுதோம்.

டாக்டர் அங்கிள் மைசூர்பாகோடு சமாதானம் பேச வந்தார். "அதுல குண்டே இல்லையாம், விட்டுடுங்க. இருக்கறதே கொஞ்சம் பேரு. நாம ஒத்துமையா இருக்கணும்."

அம்மா யாழ்ப்பாணத்துக்காரி. குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஒற்றுமை வேணும்தான் டொக்டர். முதல்ல அவர் எல்லாருக்கும் முன்னால நிண்டு, செய்தது பிழை எண்டு சொல்லட்டும். என்ர தம்பியைச் சுட்டதும் ஆமி இல்லை, எங்கட இயக்க ஆக்கள்தான். அப்பவும் ஒற்றுமை எண்டு சொல்லித்தான் எங்களை வாய் மூடச் சொன்னவை."

டாக்டர் அங்கிள் மைசூர்பாகை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அம்மாவின் பிடிவாதத்தால் ஊரே இரண்டாகப் போகிறது என்று நான் நம்பினேன். நான் பார்த்தேயிராத ஒரு மாமாவுக்கும் என் கோலாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் அதுவரை வாயைத் திறக்காத மற்ற ஆன்ட்டிகளும் தங்கள் பாட்டையும் நாடகத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். விழாவில் சாப்பாடு மட்டும்தான் மிச்சம் என்ற நிலை. மதுரைக்கார அங்கிள் தன் மகளிடம் காரணம் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் உங்களைக் கண்டால் பயம், எனக்கும்தான் என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

தீபாவளியன்று, பந்தி போடுவதற்கு முன்னால், அவர் மைக்கை வாங்கினார்.

"நான் அத அங்க வச்சது தப்பு. சாமிக்காக வைக்கல. உங்கள பயமுறுத்தத்தான் வச்சேன். இப்ப அது என் வீட்டுல இல்ல. மன்னிச்சிருங்க."

யாரும் கை தட்டவில்லை. அம்மா முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கேட்டது கிடைத்த பிறகு எதற்கு அழுகை என்று எனக்கு ஒரே எரிச்சல். கோல்கள் கார் ட்ரங்கில் இருக்கின்றன, இப்போது ஆடலாமா என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா அழுதபடியே தலையாட்டினாள். நான் ஓடினேன், என் ஜோடியும் கூடவே ஓடிவந்தாள். பயிற்சி இல்லாமல் தப்பும் தவறுமாக ஆடினோம். அந்த அங்கிள்தான் தாளம் போட்டார்.

மாமாவைச் சுட்டவர்களில் ஒருவர்கூட அம்மாவிடம் வந்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. துப்பாக்கி எடுத்த தமிழர் ஒருவர் தப்பு என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.