வலையைக் கிழித்த கோல்

சென்றாயனுக்குப் பேத்தி பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இந்தப் பன்னிரண்டு நாளில் அவர் வாயில் ஒரு சேதியும் தங்கவில்லை. செம்மேட்டு பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம், "நான் அப்புச்சி ஆயிட்டேனுங்க, ரெண்டு கிலோ எண்ணூறு" என்பார். இறங்கும்போது மறந்துபோய் இன்னொரு தடவை சொல்வார். குழந்தையை முதல்முதலாகக் கையில் வாங்கியது எப்படி என்று இரண்டு கையையும் ஏந்தி நடித்துக் காட்டாமல் யாரையும் விடுவதில்லை.

சந்தோஷம் தலைக்கேறியதில் சொல்லக் கூடாததும் கூடவே வந்து விழுந்தது. பக்கத்துக் காட்டு மாதனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "போன ஆனியில உன்ற மரத்துல பலாப்பழம் காணாமப் போச்சே, அது எங்கூட்லதான் இருந்துச்சு மாதா. தேனு!" என்று சொல்லிவிட்டார். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மாதன் கையிலிருந்த லட்டை வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏனுங்க, பேத்தி பொறந்தா வாய்ப்பூட்டு கழண்டுக்குமா?" என்றாள் அவர் மனைவி பொன்னம்மாள். "அடுத்தாப்ல இன்னும் எதையெல்லாம் ஊருக்குச் சொல்லப் போறீங்க?"

"இனி சொல்றதுக்கு என்ன இருக்குது?" என்றார் சென்றாயன். ஒன்று இருந்தது. ஆறு வருஷமாக இருந்தது.

சென்றாயன் நாலாங்கிளாஸ் வரை படித்தவர். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அவருக்கு வாழவந்தி நாட்டில் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி. மலைக்குக் கல்லூரி வந்தபோது மைதானம் சமன் செய்யக் கூலிக்குப் போனார். எவ்வளவு மண் வெட்டிப் போட்டாலும் ஒரு பக்கம் மேடாகவே நின்றது. மைதானம் சமனாகவில்லை, சென்றாயனும் வீடு திரும்பவில்லை. கோடு போடச் சுண்ணாம்பு கரைக்க, கம்பத்தில் வலை கட்ட, அவிழ்க்க, பந்துக்குக் காற்றடிக்க என்று அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை பந்து பிடிப்பது. பள்ளத்துப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் தரை சரிந்து காப்பித் தோட்டத்துக்குள் இறங்கும். அங்கே போன பந்து ஓடையில்தான் போய் நிற்கும். முதல் வருஷமே மூன்று பந்து போயிற்று. அதிலிருந்து ஆட்டம் என்றால் சென்றாயன் கீழே சரிவில் நிற்பார். வருகிற பந்தைப் பிடித்து மேலே எறிவார்.

இருபது வருஷம் அப்படி நின்றார். ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. ஒரு கோலையும் கண்ணால் பார்த்ததுமில்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து கம்பத்தின் மேல்கட்டையும் ஆகாயமும்தான் தெரியும். ஆனால் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. மேலே சத்தம் கிளம்பி, பந்து கீழே வராவிட்டால் கோல்; பந்து வலையில் நின்றுவிட்டது. சத்தமும் வந்து பந்தும் வந்தால் அடி வீண். இந்தக் கணக்கு ஒரே ஒரு தடவை தவிர அவரை ஏமாற்றியதில்லை.

இப்போது கால்பந்து டீமுக்கு இருபதாவது வருஷம். மைதானத்துச் சுவரில் ஐந்து கட்டம் பிரித்து, டீமின் ஐந்து பெரிய தருணங்களைப் படமாக வரைவது என்று பி.டி. சார் அர்த்தனாரி முடிவு செய்தார். தேர்ந்தெடுக்கப் பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டார். அவரவர் அடித்த கோல்தான் அவரவருக்குப் பெரிய கோல். மூன்று சனிக்கிழமை கத்தினார்கள்.

ஒருவழியாக நாலு முடிவாயிற்று. கடன் வாங்கிய பூட்ஸோடு நாமக்கல்லில் ஜெயித்த முதல் கோப்பை ஒன்று. சமவெளியிலிருந்து வந்த டீம் மலைப்பாதையின் எழுபது வளைவிலும் வாந்தி எடுத்து, இறங்கி நிமிர்வதற்குள் ஆறு கோல் வாங்கியது ஒன்று. "பசங்க வேகம்தான்யா காரணம்" என்றார் சார். "வேகம் பாதிங்க சார், வளைவு பாதி" என்றார் சென்றாயன். மூன்றாவது, மூடுபனி இறங்கிய ஆட்டம். பதினோரு நிமிஷம் இரண்டு டீமும் பந்து இல்லாமலே முட்டி மோதி விளையாடின. பந்து கீழே சென்றாயன் மடியில் இருந்தது. யாரும் கேட்கவில்லையே, ஆட்டம் முடிந்துவிட்டது போல என்று அவர் பீடி பற்றவைத்திருந்தார். நாலாவது, பெண்கள் டீமின் கோகிலா நடுக்கோட்டிலிருந்து காற்றோடு சேர்த்து அடித்த கோல். அதற்கு மட்டும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கோகிலா நேரிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது கட்டத்தில் ஒரே ஆட்டத்தின் இரண்டு தருணங்களுக்குள் சண்டை. ஆறு வருஷத்துக்கு முன்னால் மலையிலேயே நடந்த இறுதி ஆட்டம். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். அதில் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும்போது கோல்கீப்பர் முருகானந்தம் ஒரு பெனால்டியைப் பிடித்தான். மூன்றாவது கோலைக் கார்த்தி அடித்தான். அது வலையைக் கிழித்துக்கொண்டு போன கோல். கிழிந்த வலை இன்றைக்கும் கல்லூரிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. குண்டூர் நாட்டில் இருந்து ஆட்கள் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கார்த்திதான் சென்றாயனின் மருமகன். பேத்தியின் அப்பா.

சென்றாயன் ஆறு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததும் அந்தக் கோலைப் பற்றித்தான். அன்றைக்கு மேலே சத்தம் காதைப் பிளந்தது. அதோடு பந்தும் வந்தது. கம்பத்துக்கு வெளிப்பக்கமாக வந்து நெஞ்சில் விழுந்தது. வீண் அடி என்று பந்தை மேலே எறிந்துவிட்டு ஏறிப் பார்த்தால், ஊரே கார்த்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த நேரம் காற்றில் வலை புடைத்ததைக் கோல் என்று நினைத்துவிட்டார்கள். பந்து எப்படி வெளியே போயிற்று? வலையைக் கிழித்துக்கொண்டு! யாரோ சொன்னான், எல்லாரும் பார்த்ததாகச் சொன்னார்கள். அத்தனை பேரை நிறுத்தி, நாலாங்கிளாஸ் படித்தவன் என்னவென்று சொல்வது?

"சென்றாயா, அந்த வலைய நாளைக்குக் கொண்டா, பெட்டியில வெப்போம்" என்று சார் வேறு சொல்லிவிட்டார். வீட்டில் வலையை விரித்து ஒவ்வொரு கண்ணாகக் கைவிட்டுப் பார்த்தார். ஓட்டை இல்லை. உள்ளே, அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் யமுனா, "அம்மா, வலையே கிழிஞ்சு போச்சும்மா!" என்று குதித்துக்கொண்டிருந்தாள். சென்றாயன் காப்பிச் செடியின் கிளை நறுக்கும் கவாத்துக் கத்திரியை எடுத்தார். ஐந்து கயிற்றை வெட்டினார்.

அப்புறம் யமுனா, கட்டினால் கார்த்தியைத்தான் கட்டுவேன் என்றாள். கட்டி வைத்தார். இப்போது பேத்தி.

நாலாவது சனிக்கிழமை காலையில் கார்த்தி தன் குட்டியானை வண்டியில் அன்னாசிப் பழத்தை ஏற்றிக்கொண்டு, பிள்ளை பார்க்க வந்தான். குழந்தையை வாங்கி மாமனார் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "மாமா, இன்னைக்கு அஞ்சாவது கட்டம் முடிவு பண்றாங்களாமா. சாரு உங்க வார்த்தைக்கே விட்டுட்டாராம். என்ற கோலுதானுங்களே?"

குழந்தை அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டது. சென்றாயனுக்கு உலகமே மறந்து போயிற்று. "உங்க கோலு இல்லாம என்னங்க மாப்ள சுவரு?" என்றுவிட்டார்.

கார்த்தி போனதும்தான் உறைத்தது. பொன்னம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "குடுத்த வார்த்தைய மாத்தலாமா?" என்றார்.

"புள்ள பாக்க வந்த மாப்பிள்ளைக்கா? எங்க பக்கம் அப்பிடி மாத்துனவிய யாருமில்ல" என்றாள் அவள்.

சாயங்காலம் மைதானத்தில் எல்லாரும் கூடினார்கள். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்த பெயிண்டர் சுதாகர் சாக்பீஸோடு சுவரோரம் நின்றான். முருகானந்தம் இப்போது கொத்தனார். வயிறு அவனுக்கு முன்னால் நடந்து வந்தது.

"சொல்லு சென்றாயா" என்றார் சார். "எல்லா ஆட்டத்துக்கும் வந்த ஒரே ஆளு நீதான். பெனால்டியா, வலை கிழிஞ்சதா?"

சென்றாயன் மருமகனைப் பார்த்தார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "வலை கிழிஞ்சதே இருக்கட்டுங்க சார்."

"அதானே!" என்று முருகானந்தம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "மாமனாரு மாப்பிள்ளைக்கு ஓட்டுப் போடாம எனக்கா போடுவாரு? ஏஞ்சென்றாயண்ணா, அந்தக் கயித்து நுனியப் பாத்திருக்கறீங்களா? பந்து பட்டுக் கிழிஞ்ச கயிறு அப்பிடி நறுக்குனாப்ல இருக்குமா?"

"பொறாமையில வயிறு வெடிச்சிரப் போவுது, சித்த உக்காருடா" என்றான் கார்த்தி.

சுதாகர் சுவரில் கம்பம் வரைந்தான், வலை வரைந்தான். திரும்பிப் பார்த்தான். "பந்து எங்கண்ணா வருது? நடுவுலயா, மூலையிலயா?"

சென்றாயன் எழுந்து போனார். அன்றைய நாள் அப்படியே கண்முன் வந்தது. வந்ததும் சந்தோஷம் வாயைத் திறந்துவிட்டது. "வலையில எங்கப்பா வந்துச்சு? கம்பத்துக்கு ரெண்டடி அக்கட்டால போயி, காப்பிச் செடிக்கு மேல பறந்து, நேரா என்ற நெஞ்சுக்கு வந்துச்சு. அலுங்காம பிடிச்சேன் பாரு, ரெண்டு கையாலயும், பாப்பாவ நர்ஸம்மா குடுத்தப்ப வாங்குனனே அதே மாதிரி, இப்பிடி..."

ஏந்திய கை அந்தரத்தில் நின்றது.

"ரெண்டடியா?" என்றார் சார். "அப்ப வலை?"

இனி எதை மறைக்க? "நாந்தானுங்க சார் வெட்டுனேன். கவாத்துக் கத்திரியில. நீங்க கிழிஞ்ச வலை கேட்டீங்க. எங்கிட்ட கிழியாத வலைதான் இருந்துச்சு."

முருகானந்தம் குதித்தான். அந்த உடம்போடு அவ்வளவு உயரம் குதிப்பான் என்று யாரும் நினைக்கவில்லை. "நாஞ்சொன்னேன்ல! ஆறு வருசமா சொன்னேன்ல!" சட்டென்று நின்று விரல்விட்டு எண்ணினான். "மூணுல ஒண்ணு போனா ரெண்டு. ரெண்டுக்கு ஒண்ணு. அட, கோப்பை நம்முளுதுதான். ஒண்ணும் கெட்டுப் போவுல!"

கார்த்தி மட்டும் தள்ளிப் போனான். காது சிவந்திருந்தது. சென்றாயன் அவன் பக்கத்தில் போய் நின்றார். "மாப்ள, என்ற வாய் அவுந்து போச்சுங்க. குடுத்த வார்த்தைய நானே..."

"அது போனாப் போவுதுங்க மாமா" என்றான் கார்த்தி. "யமுனாவுக்கு இது தெரியுமா? அவ அந்தக் கோலப் பாத்துட்டுத்தான் எங்கிட்டப் பேச வந்தா. வலையக் கிழிச்சவன்னுதான் வந்தா."

அதற்குள் கோகிலா போனை எடுத்து யமுனாவைக் கூப்பிட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். "யமுனா, உன்ற ஊட்டுக்காரரு அடிச்ச கோலு கோலே இல்லியாமா, உங்கப்பா சொல்றாரு."

"ஆமா, ரெண்டடி வெளிய போச்சு" என்றது யமுனா குரல், குழந்தையைத் தட்டிக்கொண்டே. "நான் கோலுக்குப் பக்கத்துல மூலைக் கொடிக்கிட்டத்தான நின்னேன்."

"அடிப்பாவி!" என்றான் கார்த்தி. "அப்பறம் எதுக்கு வலை கிழிஞ்சுதுன்னு ஊரெல்லாம் சொன்ன?"

"நீங்க ஓடுனீங்களே! ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, மேட்டுப் பக்கமா, சட்டையக் கழட்டிச் சுத்திக்கிட்டு, கிறுக்கு மாதிரி. ஒரு மனுசன் அத்தனை சந்தோசமா ஓடி நான் பாத்ததில்ல. அதப் போயி வீண் அடின்னு சொல்ல மனசு வருமா? சரி வெய்யிங்க, பாப்பா முழிச்சிக்கும்."

போன் அணைந்தது. முதலில் சிரித்தது கார்த்திதான். அப்புறம் சார். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று எண்ணுவதுதான் சுலபம்.

"சரி, இப்பச் சொல்லு சென்றாயா" என்று கண்ணைத் துடைத்தார் சார். "மாமனாராச் சொல்லாத. பந்து பிடிச்சவனாச் சொல்லு."

"பெனால்டிதானுங்க சார். அன்னைக்கு ஊரே கத்துச்சு, பந்து வரல. நம்ம கதை முடிஞ்சுதுன்னு செடிக்குள்ள உக்காந்து அழுதேன். அப்பறம் பாத்தா, இவன் வயித்துல வெச்சு அமுக்கிக்கிட்டுப் படுத்திருக்கறான். என்ற கணக்கு பொய்யாப் போனது இருபது வருசத்துல அந்த ஒருவாட்டிதானுங்க."

கார்த்தியே போய் சுதாகர் கையிலிருந்த துணியை வாங்கிச் சுவரில் வரைந்ததை அழித்தான். "வயித்த மட்டும் அப்ப இருந்த மாதிரி வரைங்க" என்று முருகானந்தம் பெயிண்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வலையை எடுத்துவிடட்டுமா என்று சென்றாயன் கேட்டார். "இருக்கட்டும். கீழ இருக்கற அட்டைய மட்டும் மாத்தீரலாம்" என்றார் சார். "சென்றாயன் வெட்டிய வலைன்னு."

மாமனாரும் மருமகனும் வீட்டுக்கு வரும்போது பொன்னம்மாளுக்குச் சேதி முன்னமே வந்து சேர்ந்திருந்தது. "மாப்பிள்ளைக்குக் குடுத்த வார்த்தைய..." என்று ஆரம்பித்தாள்.

"விடுங்க அத்தை" என்றான் கார்த்தி. யமுனா குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "பாப்பா பாக்கலியே. அன்னைக்கு ஓடுனாப்ல ஒருவாட்டி ஓடிக் காட்டுங்க" என்றாள்.

கார்த்தி அக்கம் பக்கம் பார்த்தான். சட்டையைக் கழற்றினான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசலைச் சுற்றி ஓடினான். கோழிகள் நாலு பக்கமும் பறந்தன. சென்றாயன் தன் சட்டையையும் கழற்றிச் சுழற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"ஏனுங்க, மொளகு காயப் போட்டிருக்கறேன்! பாத்து! மொளகு!" என்று பொன்னம்மாள் கத்தினாள். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. மூன்றாவது சுற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.