எடைமேடைக்குப் பின்னால் ஒரு கிணறு

வதாத் சிறுமியாக இருந்த காலத்தில் ஐன் ஹர்தா என்றாலே ஜனங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். இலையுதிர் காலம் வந்ததும் பெக்கா சமவெளியின் சர்க்கரை பீட்ரூட் எல்லாம் அந்த ஊர் முகப்பில் இருந்த எடைமேடைக்குத்தான் வந்து சேரும். டிராக்டர்கள் மாதா கோவில் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். காத்துக் கிடக்கும் கிழங்கு மழையில் ஊறிப் புளித்து, அந்த வாடை துணியிலும் தலைமுடியிலும் ஏறிவிடும். ஐன் ஹர்தாவில் பெண்ணெடுக்க வருகிறவர்களை மற்ற ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். "இவளைக் கட்டிக்கிட்டா வீட்டுல சர்க்கரையே வாங்க வேணாம், காப்பியை அவ பக்கத்துல வச்சாப் போதும்" என்பார்கள்.

பிறகு சண்டை வந்தது. பெய்ரூத்தில் தொடங்கியது மலையேறி இறங்கி இந்தப் பக்கமும் வந்து சேர்ந்தது. கிழங்கை வாங்கிக்கொண்டிருந்த அரசாங்கமே இல்லாமல் போயிற்று. அதே வயலில் ஊர்க்காரர்கள் கஞ்சா விதைத்தார்கள். இன்று ஊர்த் தலைவராக, அதாவது முக்தாராக இருக்கும் தூமித் அப்போது வாலிபர். "பீட்ரூட்டுக்கு அரசாங்கம் இருக்கணும். கஞ்சாவுக்கு அரசாங்கம் இல்லாம இருந்தாப் போதும்" என்று அவர் சொன்னதை ஊரே சிரித்துக்கொண்டு திரும்பச் சொல்லிற்று. எங்கிருந்தோ வந்த ஆயுதக்காரர்கள் எடைமேடைக்கு எதிரே சாலையின் குறுக்கே ஒரு சங்கிலியைக் கட்டினார்கள். வண்டி வந்தால் இறக்கி, காகிதம் பார்த்து, பெயரைக் கேட்டு, மதத்தைக் கேட்டு, மறுபடி ஏற்றுவார்கள். சிலரை ஏற்றமாட்டார்கள். சங்கிலியைத் தூக்கி இறக்க உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்தார்கள்.

வதாத்தின் அண்ணன் நஸீம் பம்பு மெக்கானிக். வாய் ஓயாது அவனுக்கு. எந்த ஊர் எந்த மதம் என்று பார்க்காமல், மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த முஸ்லிம் கிராமமான கஃப்ர் ஸெத்துக்கும் போய்ப் பம்பு பிரித்து மாட்டிவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவான். பாதாம் பூத்திருந்த ஒரு காலையில், பம்புக்குச் சாமான் வாங்கி வருகிறேன் என்று ஷ்தௌரா டவுனுக்குப் புறப்பட்டவன் திரும்பவில்லை. "அவன் இந்தப் பக்கம் வரவேயில்ல" என்றார்கள் சங்கிலிக்காரர்கள். சில மாதம் கழித்து யாரோ ஒருவன் நஸீமின் மோட்டார் சைக்கிளை நீலச் சாயம் அடித்து ஓட்டிக்கொண்டு போனான். டேங்கில் இருந்த நெளிவை வைத்து அப்பா அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

கேட்டவள் வதாத்தான். வயது இருபதுகூட ஆகவில்லை. எல்லை தாண்டி ஒரு சிறையில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். இன்னொருவன் வேறொரு சிறையைச் சொன்னான். அவள் எல்லா வாசலிலும் போய் நின்றாள். தனியாகப் போகிறாளே என்று, கீழத்தெரு மில்ஹிம் தன் மாமாவின் வண்டியை எடுத்துக்கொண்டு கூட வந்தான். வெயிலில் அவளோடு சேர்ந்து நிற்பான். பேசமாட்டான். போகிற இடத்திலெல்லாம் அவளுக்குத் தண்ணீர் தேடிக் கொண்டுவருவான். "அண்ணனைத் தேடப் போயி மாப்பிள்ளையைக் கண்டுபிடிச்சுட்டா" என்று ஊர் பேசியது. அப்படியே கல்யாணமும் நடந்தது. அம்மா சாகும்வரை நஸீமுக்காகப் பூசை வைக்க விடவில்லை. "செத்தவனுக்குத்தான்டி அந்தப் பூசை" என்று பாதிரியாரின் முன்னாலேயே கத்தினாள்.

மில்ஹிமை நல்ல புருஷன் என்றுதான் யாரும் சொல்வார்கள். குடி கிடையாது, அடி கிடையாது. இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்து மாண்ட்ரியலுக்கு அனுப்பினான். ஒன்றே ஒன்று, எடைமேடை வழியாகப் போகமாட்டான். வயல்வழியே சுற்றிக்கொண்டு போவான். சண்டைக்காலத்தில் மனிதர்களுக்கு வந்த கிறுக்குகள் எத்தனையோ. அதில் இதுவும் ஒன்று என்று வதாத் விட்டுவிட்டாள்.

சண்டை நின்றபின் பட்டாளத்தார் வந்து கஞ்சாவைக் கொளுத்தினார்கள். ஊர் பட்டினி கிடந்தது. பாதிப்பேர் பிரேசிலுக்குப் போனார்கள். அப்புறம்தான் முக்தாரின் தங்கை மகன் கப்ரியேல், ஊருக்குக் கபி, பிரான்சிலிருந்து திராட்சைக் கொடிகளோடு வந்து இறங்கினான். கல்லுச்சரிவைப் பார்த்து, இதுதான் நல்ல மண் என்றான். ஊர் சிரித்தது. சில வருஷத்தில் சனிக்கிழமை தோறும் பெய்ரூத் கார்கள் மாதா கோவில் வரைக்கும் வரிசை கட்டின. ஒயின் ருசிபார்க்க, குதிரை ஏற, கொடிப்பந்தலின் கீழே கல்யாணம் செய்துகொள்ள ஆட்கள் வந்தார்கள். கீழத்தெருவுக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர்ப்பலகை வந்தது. எடைமேடையைக் கபி வாங்கிக் கண்ணாடிச் சுவர் வைத்தான். அது ருசிபார்க்கும் கூடம் ஆயிற்று. பொய் சொல்லக்கூடாது, ஊர் பிழைத்தது. அடைத்துக் கிடந்த வீடுகள் திறந்தன. வதாத்துக்கும் அங்கேயே வேலை. வந்தவர்கள் கண்ணெதிரே இரும்புத்தட்டில் ரொட்டி சுட்டுப் போடுவாள். ஊரில் எவளும் உடுத்தியிராத பூவேலைப் பாவாடை ஒன்றை அவளுக்காகத் தைத்து வாங்கியிருந்தார்கள். ரொட்டியைவிட அவளைப் படம் பிடித்தவர்கள் அதிகம்.

பீப்பாய்களை வைக்க நிலவறை வேண்டும் என்று, கோடையில் கூடத்துக்குப் பின்னால் தோண்ட ஆரம்பித்தான் கபி. ஒருநாள் முற்பகலில் பொக்லைன் சட்டென்று நின்றது. ஓட்டுகிறவன் கீழே குதித்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். வதாத் மாவுக் கையோடு ஓடினாள். கல்லும் சுண்ணாம்பும் போட்டு அடைத்த பழைய கிணறு ஒன்று பிளந்து கிடந்தது. கல்லுக்கு நடுவே எலும்பு.

கபி அவளை மறித்தான். "ஒண்ணுமில்ல அத்தே. ஆட்டு எலும்பு. பழைய கிணறு பாருங்க, செத்ததைக் கொண்டுவந்து போட்டிருப்பாங்க."

"ஆடு பெல்ட் போடுமா கபி?"

அவன் குனிந்து பார்த்தான். துருப்பிடித்த கொக்கி ஒன்று இடுப்பெலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் முகம் வெளிறிவிட்டது. கெட்டவனில்லை அவன். சண்டை நடந்தபோது அவன் பிறந்திருக்கவே இல்லை. ஆனால் வேலையாட்களைப் பார்த்து, "தார்ப்பாய் எடுத்துட்டு வாங்க, மூடுங்க" என்றுதான் சொன்னான்.

அன்று சாயங்காலமே முக்தார் தூமித்தும் பாதிரியாரும் வதாத்தின் வீட்டுக்கு வந்தார்கள். மில்ஹிம் மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். காப்பியை யாரும் தொடவில்லை.

"பெய்ரூத்துக்குப் போன் போட்டியாமே தங்கச்சி?" என்றார் முக்தார்.

"காணாமப் போனவங்களைத் தேடுறாங்களே, அவங்களுக்குப் போட்டேன். வர்றேன்னிருக்காங்க."

"அடுத்த மாசம் அறுவடைத் திருவிழா. ஊர் முழுக்க அறை புக்காயிருக்கு. இப்பப் போயி பத்திரிகைக்காரன் வந்து எலும்பைப் படம் பிடிச்சா எவன் இங்க வந்து குடிப்பான்? மூடிக் கிடந்ததைத் தோண்டினா நாத்தந்தாம்மா வரும்."

"தோண்டினது நானா? உங்க மருமகன்."

பாதிரியார் தொண்டையைச் செருமினார். "மகளே, அங்கேயே வச்சு ஜெபம் பண்ணி, மேல ஒரு சிலுவைக்கல் நட்டுடலாம். மரியாதையா இருக்கும்."

"யாருக்குன்னு ஜெபம் பண்ணுவீங்க சாமி? பேரு வேணாமா?"

முக்தார் எழுந்தார். போகும்போது அவளைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த மில்ஹிமைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமாகவே பார்த்தார். வதாத் அதைக் கவனித்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "நாளைக்கு அவங்க வர்றாங்க. என்கூட வந்து நில்லு" என்றாள்.

"என்னால முடியாது."

"ஊருக்குப் பயமா?"

மில்ஹிம் தட்டைத் தள்ளிவைத்தான். "நான் அந்தச் சங்கிலியில இருந்தேன் வதாத்."

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நானும் ஊர்ப் பையன்தானே. துப்பாக்கி கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். ரெண்டே நாள்தான் இருந்தேன். அன்னைக்குக் காலையில நஸீம் வந்தான். 'டேய் மில்ஹிம், துப்பாக்கியைத் தலைகீழாப் பிடிச்சிருக்கடா'ன்னு கேலி பண்ணினான். எல்லாரும் சிரிச்சோம். அதுக்குள்ள ஆயுதக்காரங்களோட தலைவன் எடைமேடை ரூமுலேர்ந்து வெளிய வந்துட்டான். கஃப்ர் ஸெத்துக்குப் போறவன் நீதானேன்னு உள்ள கூட்டிட்டுப் போனான். என்னைப் பார்த்து, டிராக்டர் வருது பாரு, போய் சங்கிலியைத் தூக்குன்னான். நான் தூக்கினேன். பின்னால சுடுற சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பார்க்கல. மறுநாள் கிணத்தை மூடச் சொன்னாங்க. கல்லு சுமந்தேன். தூமித்தும் சுமந்தான்."

"சிறை வாசலுக்கெல்லாம் எங்கூட வந்தியே" என்றாள் வதாத். அவள் குரல் உயரவேயில்லை. "வெயில்ல நின்னியே. எனக்குத் தண்ணி கொண்டாந்து கொடுத்தியே. எதுக்கு?"

"நீ நம்பிக்கிட்டிருந்த. சொல்லிடணும்னுதான் முதல் தடவை வந்தேன். வழியில நீ அவனைப் பத்தியே பேசிக்கிட்டு வந்த. அப்புறம் சொல்ல முடியல. அப்புறம் சொல்லவே முடியாமப் போச்சு."

அவள் எழுந்து பாத்திரங்களைக் கழுவினாள். கழுவினதையே மறுபடியும் கழுவினாள். அம்மா கோவிலில் கத்தியது காதில் விழுந்தது. இத்தனை வருஷம் ஒரே தலையணையில், அவன் காதுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நஸீம் இப்போது எப்படி இருப்பான், முடி நரைத்திருக்குமா என்று அவள் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவன் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நாளைக்கு நீ வந்து இடத்தைக் காட்டுற. எல்லார் முன்னாடியும் சொல்ற. அதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாத."

அவன் வந்தான். பெய்ரூத்திலிருந்து வந்த பெண்ணும் மருத்துவரும் போலீஸ்காரர்களும் நிற்க, ஊரே கண்ணாடிக் கூடத்துக்கு வெளியே கூடியிருக்க, மில்ஹிம் அத்தனை வருஷம் மிதிக்காத மண்ணை மிதித்தான். யார் எங்கே நின்றது, எந்தப் பக்கம் சத்தம் கேட்டது, யார் யார் கல் சுமந்தது எல்லாம் சொன்னான். தூமித்தின் பெயரைச் சொன்னபோது கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். சண்டைக்காலக் குற்றங்களுக்கெல்லாம் எப்போதோ மன்னிப்புச் சட்டம் போட்டாயிற்று. அதனால் யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. எலும்புகளைத்தான் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். மூன்று பேருடையது என்றார் மருத்துவர். எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க, வதாத்தின் வாயில் பஞ்சுக்குச்சியை விட்டு எச்சில் எடுத்துக்கொண்டார்கள். மற்ற ஊர்களில் ஆளைத் தொலைத்தவர்களிடம் முன்பே எடுத்து வைத்திருந்தார்கள்.

ஐன் ஹர்தாக்காரன் அடிக்கமாட்டான், வணக்கத்தை நிறுத்திவிடுவான் என்று ஒரு பேச்சு உண்டு. வதாத்தின் வீட்டுக்கும் அப்படியே ஆயிற்று. "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க அத்தே" என்று கபி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இரும்புத்தட்டுக்கு முன்னால், அதே பாவாடையில், வேறொருத்தி உட்கார்ந்தாள். கடையில் முக்தாரின் மனைவி எல்லாரும் கேட்கும்படி, "புருஷன் கல்லு சுமந்தான், பொண்டாட்டி ஊருக்கே கல்லறை கட்டிட்டா" என்றாள். ஒருநாள் வாசலைத் திறந்தால், பிழிந்த திராட்சைச் சக்கையைக் குவியலாகக் கொட்டிவைத்திருந்தார்கள். ஈ மொய்த்தது. மில்ஹிம் வாரிக் கொட்டினான். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலவறையைச் சற்றுத் தள்ளித் தோண்டினார்கள். திருவிழா ஒரு வாரம் தள்ளி நடந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை.

பனி விழத் தொடங்கியபின் பெய்ரூத்திலிருந்து தொலைபேசி வந்தது. மூவரில் ஒருவர் கஃப்ர் ஸெத்தைச் சேர்ந்த மஹ்தி. இருவர் யாரென்று தெரியவில்லை. நஸீம் அந்த மூவரில் இல்லை.

வதாத் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மில்ஹிம் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். "சத்தம் கேட்டுச்சே... அப்ப அவன் எங்க?"

"எங்கிட்டயா கேக்கற?"

யாரோ ஒருவரைச் சுட்டிருக்கிறார்கள். அவனையல்ல. அப்படியென்றால் அவனை உயிரோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். அப்படியென்றால் அவள் போய் நின்ற வாசல்களில் ஏதோ ஒன்றின் உள்ளேயே அவன் இருந்திருக்கலாம். அன்றிரவு அவள் படுக்கையை எடுத்துக்கொண்டு மகள்களின் அறைக்குப் போனாள். வீட்டை விட்டுப் போகவில்லை. போக இடமும் இல்லை.

சில நாட்களில் மஹ்தியின் அக்கா ருகய்யா தேடிக்கொண்டு வந்தாள். கறுப்பு முக்காடு, மூட்டுவலிக் கால். வாசலிலேயே வதாத்தின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "நீங்க விடாம நின்னதாலதான் என் தம்பி வீட்டுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை அடக்கம். நீங்க வரணும்" என்றாள். வதாத்துக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. வெறுப்பாகக்கூட இருந்தது. ஆனாலும் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை மில்ஹிம் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றான். "வேணாம்" என்றாள். வாடகை வேனில் தனியாகப் போனாள்.

கஃப்ர் ஸெத்தின் கல்லறை மேடு முழுக்க ஆட்கள். பெட்டி மிகச் சிறியதாக இருந்தது. பிள்ளைப்பெட்டி மாதிரி. ஆண்கள் மண்ணைத் தள்ளி முடித்தபின் பெண்கள் அருகே போனார்கள். ருகய்யா வதாத்தின் கையை விடவேயில்லை. மண்ணைத் தடவியபடியே கேட்டாள்.

"அந்த இடத்தைக் காட்டினது யாரோ ஒரு ஆம்பளைன்னு சொன்னாங்க. யாரும்மா அது? அவரையும் பார்த்து நன்றி சொல்லணும்."

"என் புருஷன்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வதாத் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். யாரோ சொல்லக் கேட்டார் என்றிருக்கலாம்.

"அந்தச் சங்கிலியில நின்னவன் அவன். மேல போட்ட கல்லைச் சுமந்தவனும் அவன்தான்" என்றாள்.

ருகய்யா கையை விட்டுவிட்டாள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, காலைத் தாங்கித் தாங்கி மற்ற பெண்களோடு கீழே இறங்கிப் போனாள். மேட்டில் யாரும் மிச்சமில்லாமல் போகும் வரைக்கும் வதாத் அங்கேயே நின்றாள். பிறகு சாலைக்கு வந்து, ஐன் ஹர்தா பக்கம் போகிற வண்டிக்குக் கை காட்டினாள்.