எட்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி

இஞ்ஞாசிமுத்து ஐயா ஒரு கேள்வியை எழுதினால் அதை அப்படியே வினாத்தாளில் ஏற்றிவிட மாட்டார். நாள்காட்டியில் கிழித்த தாள்களைச் சேர்த்து ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருப்பார். அதன் வெற்றுப் பக்கத்தில் கேள்வியை எழுதி, கீழே ஒரு கோடு இழுப்பார். பிறகு அந்தக் கேள்விக்கு அவரே மூன்று பதில் எழுதுவார். முதலாவது நன்றாகப் படிக்கிற பிள்ளை எழுதுவது. அடுத்தது சுமாராகப் படிக்கிற பிள்ளையுடையது. மூன்றாவது, எதையும் யோசிக்காமல் கைடை உருப்போட்டு வந்த பிள்ளை எழுதக்கூடியது. முதல் இரண்டும் நின்று நின்றுதான் வரும். மூன்றாவதுக்குப் பேனா தங்குதடையில்லாமல் ஓடினால் அந்தக் கேள்வியின் ஆயுள் அத்தோடு சரி. தாளை நான்காக மடித்து, எட்டாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தாளை எடுப்பார். சட்டையைத் துவைக்க எடுக்கும் அவர் மனைவி இருதயம்மாள் பைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எத்தன கேள்வி செத்துச்சு?" என்று கேட்பாள்.

அனுமந்தன்பட்டியில் வீடு. உத்தமபாளையம் பக்கத்தில் ஓர் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருடமாகத் தமிழாசிரியர். பிள்ளைகள் இல்லை. அதே பள்ளியில் ஆங்கிலம் நடத்திய ரூபனுக்கு அப்போது இருபத்தேழு வயது. அதிகம் பேசமாட்டான். ஓய்வறையில் ஐயாவுக்குப் பக்கத்து நாற்காலி அவனுக்கு அமைந்தது. பேச்சில்லாத இடம் என்பதால் அதை அவன் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

ஐயாவின் ஜென்மப் பகை கைடுதான். 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரைக் கேள்வி கேட்டால் வகுப்பில் நாற்பத்து மூன்று பேரும் சுருளி அருவிக்குப் போவார்கள். நாற்பத்து மூன்று பேருக்கும் அருவி வெள்ளியை உருக்கி ஊற்றியது போல இருக்கும். எல்லோரும் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டு, மனமில்லாமல் வீடு திரும்புவார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் சரியாக இருப்பதால் மதிப்பெண்ணைக் குறைக்கவும் முடியாது. "சுருளிப்பட்டிக்காரனே அருவிக்குப் போனதில்லங்கான். ஆனா கட்டுரையில வருசா வருசம் குளிச்சிட்டு வந்துர்றான்" என்பார் ஐயா. கணக்கு வாத்தியார் வினோத்ராஜ் விடமாட்டார்: "எட்டு மார்க் கேள்விக்கு எட்டு நாளாய்யா? நாங்கள்லாம் போன வருசத் தாள்ல ரெண்டு நம்பர மாத்திட்டு டீ குடிக்கப் போயிருவோம்."

ஐயா சிரிப்பார். ஆனால் அது அவருக்குச் சிரிப்பான காரியமில்லை. கேள்வி சரியாக அமைந்துவிட்டால் எந்தப் பிள்ளையிடமிருந்தும் சொந்தமாக நாலு வரி வந்தே தீரும் என்று நம்பினார். வரவில்லையென்றால் குற்றம் பிள்ளையிடம் இல்லை, கேள்வியில்தான்.

அந்த அக்டோபரில்தான் ரூபன் ஒன்றைக் கவனித்தான். ஐயா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சரிக்குறி போடுகிற கை வழக்கம்போல வீசி வீசிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தாளில் சிவப்பு எதுவும் இல்லை. பேனாவில் மை தீர்ந்து, தாளில் வெறும் கீறல் விழுந்துகொண்டிருந்தது. மறுநாளும் அதே பேனா, அதே கீறல். ரூபன் தன் சிவப்புப் பேனாவை அவர் கைப்பக்கம் நகர்த்தி வைத்தான். ஐயா தடவி எடுத்தார்.

"எப்பருந்து தெரியும்?"

"மை தீந்து ரெண்டு நாளாச்சுங்கய்யா."

சர்க்கரை கண்ணுக்கு ஏறியிருந்தது. மதுரைக்குப் போய் இரண்டு தடவை லேசர் வைத்தும் நிற்கவில்லை. ஆள் நிழலாகத் தெரியும், எழுத்து தெரியாது. பாடமெல்லாம் மனப்பாடம் என்பதால் வகுப்பில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தலைமையாசிரியருக்குத் தெரிந்தால் முதலில் வினாத்தாளும் விடைத்தாளும்தான் கையை விட்டுப் போகும். மே மாதம் ஓய்வு. அதுவரை மறைத்துவிட நினைத்திருந்தார். "முப்பத்தோரு வருசம் ரூபன். கைடுல இல்லாத ஒரு பதிலுக்கு எட்டுக்கு எட்டு போட்டுட்டுப் போயிரணும்னு இருக்கேன். வேற ஆசையெல்லாம் ஒண்ணுமில்ல."

அன்றிலிருந்து சாயங்காலம் ஐயாவைத் தன் வண்டியில் வீட்டில் இறக்கிவிடுவது ரூபனின் வேலையாயிற்று. அங்கே போன பிறகுதான் அவர் எப்படித் திருத்துகிறார் என்று தெரிந்தது. இருதயம்மாள் எட்டாவது வரை படித்தவள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாக வாசிப்பாள். ஐயா சுவரில் சாய்ந்து கேட்பார். மதிப்பெண்ணை அவர் சொல்ல அவள் எழுதுவாள். கடைசியில் விரலை வைத்து இடம் காட்டினால் அவர் கையெழுத்துப் போடுவார். எழுத்துப்பிழைக்கு மட்டும் அவளை நம்பவேண்டியிருந்தது. "இவ பிழையே இல்லைங்கா எல்லாத் தாளுலயும். பிள்ளைக மேல பாவம் பாக்குறா" என்று ரூபனிடம் குறைப்பட்டுக்கொள்வார். "ஒரு கொம்பு விட்டுப்போனதுக்கு அரை மார்க்க வெட்டணுமாக்கும்" என்று அவள் அடுத்த தாளை எடுப்பாள்.

ஜனவரித் திருப்புதல் தேர்வுக்கு மட்டும் அந்தந்த ஆசிரியரே தாள் தயாரிப்பது அந்தப் பள்ளியில் வழக்கம். ஐயாவுக்கு அது கடைசி வாய்ப்பு. டிசம்பர் முழுக்க அவர் சொல்லச் சொல்ல நாள்காட்டித் தாளில் இருதயம்மாள் எழுதினாள். கேள்விகள் செத்துக்கொண்டே இருந்தன. கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் ரூபன் போனபோது ஐயா அவனை உட்காரச் சொல்லி, ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "ஒரே ஒருமுறை போய், பிறகு நீங்கள் போகாத ஓர் இடத்தைப் பற்றி எழுதுக. அங்கே போயிராத ஒருவருக்கு அது தெரியவேண்டும்." மூன்றாவது பதிலை அவராலேயே எழுத முடியவில்லையாம். கைடுக்காரன் எல்லா இடத்துக்கும் மறுபடி வருவதாகச் சொல்லித்தானே முடிப்பான்.

மதிப்பெண்ணுக்கும் கணக்கு வைத்திருந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னதற்கு இரண்டு. முன்னுக்குப் பின் மாறாமல் சொன்னதற்கு இரண்டு. மொழிக்கு இரண்டு. மிச்சம் இரண்டு, போனவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒன்றைச் சொன்னதற்கு. அந்த இரண்டை அவர் இதுவரை யாருக்கும் முழுதாகக் கொடுத்ததில்லை.

தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டு ஐயா வீட்டுக்கு வந்த சாயங்காலம் ரூபனும் அங்கே இருந்தான். முதல் பத்துத் தாளில் ஏழு பேர் சுருளி அருவிக்கே போய்விட்டு, கடைசி வரியில் மட்டும் 'மறுபடி போகவில்லை' என்று சேர்த்திருந்தார்கள். ஐயா கைலி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றாவது தாள் ஏஞ்சலுடையது. கடைசி வரிசைப் பெண். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வரமாட்டாள்.

இருதயம்மாள் வாசித்தாள். ஒருமுறை ஏலத்தோட்டத்துக்குப் போனேன் என்று தொடங்கியது. வெள்ளி முளைக்கும் நேரத்தில் ஜீப். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர். கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் கூட வந்த சின்னவள் ஒரு பேர் வைத்தாள். ஒன்றுக்குக் கொக்கி, ஒன்றுக்குத் தோசைத்திருப்பி. ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை, செடியின் காலடியில் மண்ணோடு படுத்துக் கிடக்கும். குனிந்தே இருக்கவேண்டும். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலைத் தண்ணி. சாயங்காலம் மழை. இறக்கத்தில் ஒரு வளைவில் பின்கதவுக் கம்பி விட்டுப்போயிற்று. சின்னவளைக் காணோம். தேடி எடுத்து வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, மிச்சப்பேரை அதே ஜீப்பில் ஏற்றினார்கள். ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்து வந்தோம். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஊர் வரைக்கும் அந்த ஒரு சாண் இடம் காலியாகவே வந்தது. மறுநாள் ஜீப்காரர் வந்து கூப்பிட்டார். நான் போகவில்லை.

இருதயம்மாள் வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். ரூபன் ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை போன அந்தக் கண்கள் அப்படி நிறைந்து அவன் பார்த்ததில்லை.

"அந்தக் காலி இடம்" என்றார் ஐயா. "அது போனவகளுக்கு மட்டுந்தான் தெரியும். போடு. எட்டுக்கு எட்டு."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். தொண்டை கட்டிக்கொண்டது என்று அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தாள் கொடுத்த அன்று ரூபன் பக்கத்து வகுப்பில் இருந்தான். நடுவில் பலகைத் தடுப்புதான். அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும். ஐயா ஏஞ்சலை எழுப்பி, அவள் பதிலை வகுப்புக்கு வாசிக்கச் சொன்னார். சத்தமே வரவில்லை. யாரோ சிரித்தார்கள். வெட்கப்படாதே என்று ஐயா மறுபடி சொன்னார். பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"நீங்களே சொல்லுங்கய்யா. நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்."

ஐயா சொன்னார். ஒரே தடவை கேட்டதை ஒரு சொல் மாறாமல், கொக்கி வளைவு, தோசைத்திருப்பி வளைவு எல்லாம் சொன்னார். ரூபனின் வகுப்பும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

மே மாதம் பிரிவுவிழாவில் ஐயா பேசியது இரண்டே நிமிடம். கேள்வி சரியாக இருந்தால் பதில் வரும், எனக்கு வந்தது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். வினோத்ராஜ் எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு ஆறு மாதம்தான். சர்க்கரை சிறுநீரகத்துக்கு இறங்கி, தேனியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊசி போடுகிறவர்களிடமெல்லாம் அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னார். ஒருநாள் இருதயம்மாளிடம், அந்தத் தாளை இன்னொரு தடவை வாசித்துக் காட்டு என்று கேட்டார். "தாளு அந்தப் பிள்ளட்ட இருக்கு. தாளில்லாம எப்பிடி வாசிக்க?" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரூபன் அன்றே ஏஞ்சலின் வீட்டைத் தேடிப் போனான். அவள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தாள். போன் எண் வாங்கி, பேசி, தாளை அனுப்பச் சொல்வதற்குள் ஐயா போய்விட்டார்.

அடக்கத்துக்கு ஏஞ்சல் வரவில்லை. கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்கு வந்தவள், பேருந்து நிலையத்தில் ரூபனைப் பார்த்து அந்தத் தாளைக் கொடுத்தாள். மடிப்பு பிரிந்து கிழிகிற நிலையில் இருந்தது. பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். ரூபன் விரித்துப் பார்த்தான்.

'நான் ஒருமுறை ஏலத்தோட்டத்துக்குப் போனேன். அம்மாவோடு ஜீப்பில் போனேன். மறுபடி போகவில்லை.'

அவ்வளவுதான். பக்கத்தில் சிவப்பில் எட்டு. கீழே கோணலாக ஐயாவின் கையெழுத்து.

"அதுக்கு மேல எழுத எனக்கு வரல சார்" என்றாள் ஏஞ்சல். "எட்டுப் போட்டுருக்கவும் தப்பாப் போட்டுட்டாகன்னு நெனச்சேன். அன்னைக்கு வாசிக்கச் சொன்னப்ப ஐயா என்னயப் பாக்காம பக்கத்துல இருந்த தூணப் பாத்துப் பேசுனாக. அப்பத்தான் வெளங்குச்சு. அப்பறம் எப்பிடிச் சொல்ல?"

ரூபன் தாளோடு அனுமந்தன்பட்டிக்குப் போனான். கேட்பதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தான். கடைசியில் கேட்கவில்லை. தாளை இருதயம்மாளின் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவள் அதைப் பிரிக்கவில்லை.

"மூணு வரி இருந்துச்சு தம்பி. நாலாவது வரி என் வாயிலருந்து வந்துருச்சு. நிப்பாட்ட முடியல."

ஐயாவிடம் பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றான்.

"மார்க் போட்டுட்டாகளே. அவுக மூஞ்சியில அம்புட்டு சந்தோசம். அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?" பிரிக்காத தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இத்தன வருசத்துல ஒருத்தரும் அப்பிடி ஒரு கேள்வி கேட்டதில்ல தம்பி" என்றாள்.

அந்தச் சின்னவள் இருதயம்மாளுடைய தங்கை, பேர் செலின். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வயதைக் கூட்டிச் சொல்லி அப்பாதான் ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருந்தார். கேஸாகிவிடும் என்று ராயப்பன்பட்டியில் அவள் பிறந்த வீடு அன்றோடு வாயை மூடிக்கொண்டது. அவள் பேரைச் சொல்வதும் நின்றது. ஆறு வருடம் கழித்து இஞ்ஞாசிமுத்து பெண் பார்க்கப் போனபோது, ஒரே பெண் என்றுதான் அவரிடம் சொன்னார்கள்.