ஆறுதலாகக் கதைக்க வந்தவர்கள்

மாஸ்டர் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய பத்து விரல்கள். மாண்ட்ரியல் நகரின் நடுவே, ஜன்னல் இல்லாத ஒரு விசாரணை அறையில், மேசை விளிம்பைப் பியானோவாக நினைத்து அவை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அகதியாக ஏற்கும்படி விண்ணப்பித்தவர். நான் திருச்சியிலிருந்து படிக்க வந்து, பகுதி நேரமாக மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவள். அவர் தமிழில் சொல்வதை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஒரு சொல் பிசகினால் அந்த மனிதரைத் திருப்பி விமானம் ஏற்றிவிடுவார்கள் என்பது தெரிந்தும், எனக்குப் பயமே இல்லை. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிகிறதா என்று அதிகாரி முதலிலேயே கேட்டார். தமிழ்தானே, புரியாமல் என்ன என்று தலையாட்டினேன். என்ன திமிர் எனக்கு!

பியானோவில் உட்கார்ந்து சிரிப்புப் பாட்டுப் பாடுவதுதான் மாஸ்டரின் முப்பது வருடத் தொழில். தேவாலய மண்டபம் ஒன்றில் கிடந்த பழைய பியானோவில் தொடங்கியிருக்கிறார். அதில் மூன்று கட்டைகளுக்குச் சத்தமே வராது. பாட்டு நடுவே அந்தக் கட்டை வந்தால், குனிந்து அதனிடம் காது கொடுத்து, "இண்டைக்கும் லீவோ?" என்று கேட்பாராம். சனம் விழுந்து விழுந்து சிரிக்குமாம். பிறகு கல்யாண வீடுகள், பள்ளிக்கூட விழாக்கள், கொழும்பில் பெரிய மண்டபங்கள். கல்யாணத் தரகர், பஸ் கண்டக்டர், தபால் கந்தோர் வரிசை என்று எல்லாவற்றுக்கும் ஒரு பாட்டு வைத்திருந்தார். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலமாக்கினேன். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பது வருடம் ஊரைச் சிரிக்கவைத்த பகிடிகளை ஒரு பெண் ஒவ்வொன்றாகச் சாகடிப்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டுத்தான் வினையானது. ஒரு பெரிய மனிதர் ஒரே கட்டடத்துக்கு ஐந்து தடவை அடிக்கல் நாட்டியதைப் பற்றிய பாட்டு அது. ஒவ்வொரு கல்லுக்கும் இடது கை ஒரு படி கீழே இறங்கும், ஐந்தாவது கல் தொம்மென்று விழும். பாடிய மூன்றாம் நாள், முன்பின் தெரியாத இரண்டு பேர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள்.

"என்ன சொன்னார்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"'மாஸ்டர், உங்களோடை ஒருக்கா ஆறுதலாக் கதைக்கவேணும், பேந்து வாறம்' எண்டு சொன்னவை," என்றார் மாஸ்டர். சொல்லும்போது குரல் அடங்கிப்போனது.

நான் யோசிக்கவே இல்லை. அவர்கள் மாஸ்டருக்கு ஆறுதல் சொல்ல விரும்பியதாகவும், பிறகு வருவதாகச் சொல்லிப் போனதாகவும் மொழிபெயர்த்தேன். அதிகாரி குறித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு இவர் ஏன் பயந்து ஓடிவந்தார் என்று கேட்டார். அதையும் அப்படியே தமிழில் கேட்டேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அதிகாரி தன்னைக் கேலி செய்கிறார் என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். உயிருக்குப் பயந்து வந்ததாகச் சொன்னவர் சிரித்ததையும் அதிகாரி எழுதிக்கொண்டார். மாஸ்டரின் வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. மேசை விளிம்பில் விரல்கள் நின்றுபோயிருந்தன.

இரண்டு நாள் கழித்து, பார்க்-எக்ஸ்டென்ஷனில் என் வீட்டுக்குப் பக்கத்து டெப்பனரில், அதாவது தெருமுனைக் கடையில், பாலும் ரொட்டியும் வாங்கினேன். பின்னால் ஆட்கள் நிற்க, சாமான்களைப் பையில் அடுக்கத் தடுமாறினேன். "அவசரமில்லை, தங்கச்சி, ஆறுதலா எடுங்கோ," என்றார் கடைக்கார அக்கா.

"என்னக்கா சொன்னீங்க?"

"மெதுவா, நேரமெடுத்து எடுங்கோ எண்டன். ஏன், முகம் வெளிறிப்போச்சு?"

நேரமெடுத்துப் பேச வேண்டும், பிறகு வருகிறோம். அந்த இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போனது அதைத்தான். அப்படி வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மிரட்டலை நான் அனுதாபமாக மாற்றிவிட்டேன். பாலை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் வேலை போகும், பெயர் கெடும். தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டால், சொல்லியும் பயனில்லை. சொல்லாவிட்டால் அந்த வாசலில் அவர்கள் திரும்ப வந்து நிற்பார்கள். நான் நல்லவள் என்பதால் எழுதினேன் என்று சொல்லமாட்டேன். அந்த வாசலை நினைக்காமல் கண்ணை மூட முடியவில்லை, அதனால்தான் வக்கீலுக்குக் கடிதம் எழுதினேன். அதற்குப் பிறகு எந்த விசாரணைக்கும் என்னைக் கூப்பிடவில்லை. மாஸ்டர் என்ன ஆனார் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அவரைப் பற்றித்தானோ என்று ஓடிப்போய் எடுப்பேன்.

போன மாதம் செயின்ட்-மிஷேலில் ஒரு மளிகைக் கடைக் கண்ணாடியில் அவர் படத்தோடு ஒரு பாட்டு நிகழ்ச்சி நோட்டீஸ் பார்த்தேன். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். ஞாயிறு மத்தியானம் நடந்த நிகழ்ச்சிக்கு ஆசையாகப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே மாஸ்டர் என்னைக் கண்டுவிட்டார். அதற்குப் பிறகு கட்டைகள் தப்பின, வரிகள் மாறின. அதுவும் பகிடிதான் என்று சனம் சிரிக்கப் பார்த்தது, சிரிப்பு வரவில்லை. இடைவேளையில் அவரே இறங்கி வந்தார். நான் எழுந்து, "சார், என்னை மன்னிச்சிடுங்க," என்றேன்.

"நீங்கள் அந்தக் கடிதம் எழுதாட்டி என்னை அனுப்பியிருப்பாங்கள், பிள்ளை. அதை நான் மறக்கேல்லை," என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. "ஆனா உங்களைக் கண்டா திரும்ப அந்த அறைக்குள்ளை இருக்கிறமாதிரிக் கிடக்கு. எனக்குக் கை ஓடுதில்லை. குறை நினையாதேங்கோ. கொஞ்சம் வெளியிலை போறீங்களோ?"

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படியிறங்குவதற்குள் பியானோ கேட்டது. பிறகு மண்டபமே சிரித்தது.