படகுக்கு என் மனைவி வாங்கிய பாதுகாப்பு

எனக்குப் பாதிப் படகு சொந்தம். மீதிப் பாதி என் நண்பருடையது. இருபது வருடமாக ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னை அண்ணே என்றும் என் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவார். விசைப்படகு ஓட்டும் உரிமத் தேர்வை எப்படியோ பாஸ் செய்துவிட்டவர், ஒருநாள் மதிய உணவு வேளையில் கைப்பேசியில் ஒரு பழைய வெள்ளைப் படகின் படத்தைக் காட்டினார். ஆறு பேர் உட்காரலாம் என்றார். நாங்கள் இருவரும் ஏறிப் பார்த்தபோதே அது நிறைந்த மாதிரி இருந்தது. இருந்தும் வாங்கிவிட்டோம்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளர். நாள் முழுக்கத் தலைகளை எண்ணுபவள். தீப்பயிற்சி என்றால் நாற்பது குழந்தைகளையும் அழாமல் வரிசையில் நிறுத்திப் புல்வெளிக்குக் கொண்டுவந்துவிடுவாள். நீச்சல் தெரியாது. பிடோக்கில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான், ஆனால் இத்தனை வருடத்தில் முழங்காலுக்கு மேல் அவள் நனைந்ததில்லை.

நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் யாருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாள். கைப்பேசியை எடுத்துக் காட்டினேன்.

"நீங்க விழுந்தா அதுவும் சேர்ந்துதான் விழும்" என்றாள். "நான் அந்தப் படகுல ஏறமாட்டேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் போறதா இருந்தா, அதுல என்னென்ன சாமான் இருக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். மறுநாளே லிட்டில் இந்தியாவில் இறங்கி, ஒரு கடையில் இரண்டு விசிலும் ஒரு டார்ச் லைட்டும் வாங்கி வந்தேன். அவள் குளியலறைக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்து மூன்றையும் உள்ளே போட்டாள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்து ஊதினாள். உள்ளே உருளும் சின்னப் பந்து நனைந்துபோய், விசிலிலிருந்து வாய் கொப்பளிக்கிற சத்தம்தான் வந்தது. டார்ச் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. வாளியை அப்படியே எனக்கு முன்னால் வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை மேற்கே ஒரு தொழிற்பேட்டைக்குப் போனோம். படகுச் சாமான்கள் விற்கும் கடை. கடைக்காரர் ஒரு சீனப் பெண்மணி. என்னையும் பாயையும் பார்த்துப் பட்ஜெட் எவ்வளவு என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். என் மனைவி இடையில் புகுந்து, ஒருவர் தண்ணீரில் விழுந்து, படகில் இருப்பவர் மயக்கமாகிவிட்டால் எது உதவும் என்று கேட்டாள். கடைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் எங்கள் இருவர் பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் லைஃப் ஜாக்கெட். அது உடல் எடைக்கு ஏற்றபடி வருமாம். என் எடையைக் கேட்டார். எண்பத்திரண்டு என்றேன். "எண்பத்தொன்பது" என்றாள் மனைவி. மாட்டிவிட்டு, ஜாக்கெட்டின் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார்கள். காதுக்கு மேலே ஏறினால் அது தப்பு அளவு. எனக்கு மூக்குவரை ஏறியது. பிறகு தொடைகளுக்கு நடுவே ஒரு வாரைக் கொண்டுவந்து இறுக்கினார்கள். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். பாய் அலமாரியிலிருந்த கயிறுகளை மிகுந்த ஆர்வத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். அடுத்தது அவர் முறை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் ஆள் இருந்தால் விசில், அதுவும் உள்ளே பந்து இல்லாத வகை. வெயில் இருந்தால் கண்ணாடி, அதன் பளிச்சென்ற வெளிச்சம் வெகுதூரம் தெரியும். பகலில் ஆரஞ்சுப் புகை. இருட்டில் கையில் பிடித்துக் கொளுத்தும் சிவப்புச் சுடர். கைப்பேசிக்கு அலை கிடைக்காத இடத்தில் பேசத் தண்ணீர் புகாத வானொலி. புகையும் சுடரும் காலாவதியாகிவிடும் என்றதும் மனைவி தேதிகளைப் படித்து, முன்வரிசையில் இருந்ததை ஒதுக்கிப் பின்னால் இருந்ததை எடுத்தாள். பால் பாக்கெட்டும் அப்படித்தான் வாங்குவாள். அவற்றை எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகக்கூடாது, படகுத்துறைக்கே அனுப்பிவிடுகிறோம் என்றார் கடைக்காரர். பாய்க்கு முகம் வாடிவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று அவர் ஆசைப்பட்டிருக்க வேண்டும்.

கடைசியாக வந்தது பீக்கன். உள்ளங்கையில் அடங்குகிற மஞ்சள் பெட்டி. மூடியைத் திறந்து, ஆன்டெனாவை நீட்டி, பொத்தானை அழுத்தினால் அது செயற்கைக்கோளோடு பேசுமாம். நாம் இருக்கிற இடம் மீட்பு நிலையத்துக்குப் போய்விடும். முதலில் அவர்கள் நாம் பதிந்துவைத்த எண்ணைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். யாருடைய எண் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அன்று மாலையே என் பெயரில் அதைப் பதிந்து, தன் எண்ணைக் கொடுத்துவிட்டாள். படகிலேயே விட்டால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வானொலிக்கும் பீக்கனுக்கும் ஒரு பையும் தைத்துக் கொடுத்தாள். நாங்கள் எங்கே போனாலும் பை கூடவே வர வேண்டும் என்பது உத்தரவு.

நான்கைந்து முறை கடலுக்குப் போய்வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பாய்க்கு அதில் லேசான ஏமாற்றம்கூட இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, இன்ஜினின் ஒரு பாகத்தைப் பழுதுபார்க்கச் சுவா சூ காங் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். மதியம்வரை ஆகும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மெக்கானிக் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். மணி பதினொன்று. பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. மூன்று மாதமாக மனைவி எனக்கு ஓட்ஸும் வேகவைத்த காயும்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பிரியாணி என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு லிட்டில் இந்தியாவின் ஒரு சந்தில், கடைக்கு வெளியே போட்டிருந்த மேசையில், எங்கள் முன்னால் இரண்டு தட்டு மட்டன் பிரியாணி இருந்தது. பை நாற்காலியில் இருந்தது. தண்ணீர் கொண்டுவந்த தம்பி அது என்ன பை என்று கேட்டார். பாய்க்கு அது போதும். பீக்கனை எடுத்து விளக்கத் தொடங்கிவிட்டார். மூடியைத் திறந்தார். ஆன்டெனாவைச் சரக்கென்று நீட்டினார்.

"டெஸ்ட் பட்டன் இருக்குலா, அண்ணே. அதைத்தான் அமுக்குறேன்."

வெள்ளை விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது. பார்த்தீர்களா, நல்ல நிலையில் இருக்கிறது என்றார். அது தானாக அணைந்துவிடும் என்று இருவரும் நம்பினோம். ஆறிப்போகக்கூடாதே என்று தட்டின் பக்கம் திரும்பினோம். எங்களுக்கு நடுவே, வெங்காயத் தயிர்ப் பச்சடிக்குப் பக்கத்தில், வானத்தைப் பார்த்தபடி அது மின்னிக்கொண்டிருந்தது.

பாதிச் சாப்பாட்டில் மனைவி கூப்பிட்டாள். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"சுவா சூ காங்லதான். மெக்கானிக் இன்னும் வேலைய முடிக்கல."

"கடலுக்குப் போகலல்ல?"

"இல்லையே. ஏன்?"

குழந்தைகளிடம் பேசுகிற அந்த நிதானமான குரலில் சொன்னாள். மீட்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டாராம். என் பெயரில் பதிந்த பீக்கன் உதவி கேட்கிறதாம், நான் கடலில் இருக்கிறேனா என்று விசாரித்தாராம். இடத்தைக் குறிக்கும் எண்களையும் கொடுத்தாராம். அவள் அவற்றைக் கைப்பேசி வரைபடத்தில் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"சந்து பேரு தெரியுது. கடை பேரும் தெரியுது" என்றாள். "மட்டனா, சிக்கனா?"

நான் பதில் சொல்வதற்குள் பாய் பீக்கனை எடுத்து, ஏதேதோ அழுத்தி, கடைசியில் அணைத்துவிட்டார். அவருக்கு வேர்த்திருந்தது. அதிகாரியின் எண்ணை மனைவி அனுப்பினாள். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. தவறுதலாக அழுத்திவிடுவது நடக்கிறதுதான், தெரிந்ததும் சொல்வதுதான் முக்கியம் என்றார். இப்போது ஆபத்து எதுவும் இல்லையே என்று அவர் கேட்டபோது, இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முக்கால் மணி நேரத்தில் மனைவி வந்துவிட்டாள். பிடோக்கிலிருந்து வந்த வேகத்தில் முந்தானையைச் சரிசெய்யக்கூட நின்றிருக்கமாட்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தோம். என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஃபோன் வந்தப்ப, ரெண்டு நிமிஷம் எனக்கு நீங்க சுவா சூ காங் போனதே மறந்துடுச்சு" என்றாள்.

அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மிச்சமிருந்ததை அவள்தான் முடித்தாள், வீணாகக்கூடாது என்று சொல்லி. பாய் எழுந்துபோய்க் கை கழுவ வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

பீக்கனுக்கு மின்கலம் மாற்ற மறுபடியும் அதே கடைக்குப் போக வேண்டியிருந்தது. நடந்ததை என் மனைவி கடைக்காரரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிளம்பும்போது அவள் இன்னொரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து, தன் தோளில் மாட்டி, தானே மேலே இழுத்துப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான். பிரியாணிக் கடையில உங்களைக் கண்டுபிடிச்சிருக்குல்ல. கடல்லயும் கண்டுபிடிக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் படகில் ஏறினாள். முதல் பத்து நிமிடம் என் சட்டையைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள். அலை அதிகமில்லை. தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றிருந்தன. கொஞ்ச நேரத்தில் சட்டையை விட்டுவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். எதிரே தெரிந்த பச்சைக் கரையைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள்.

மலேசியா, அதற்குமேல் போகமுடியாது, எல்லை என்றேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வந்திருப்பேன்ல" என்றாள்.