டீசல் விலையும் மூன்று வரப்புகளும்

எங்கேயோ கடல் தாண்டி இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால் கோவில்பட்டிப் பக்கம் உழவு நின்றுபோகும். கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். புதூர் பக்கத்துக் கிராமங்களில் சொந்த டிராக்டரை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிற எனக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பெட்ரோல் பங்கில் கேனை நீட்டிக்கொண்டு, ஓடுகிற மீட்டரைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் உலகமெங்கும் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். டீசல் ஏறினால் நான் மணி வாடகையை ஏற்றுவேன். நான் ஏற்றினால் நாலு பேர் நிலத்தைத் தரிசு போடுவார்கள். அவர்கள் என்னைத் திட்டுவார்கள், நான் டீசலைத் திட்டுவேன். டீசலுக்குக் காது கிடையாது.

அப்படிப் போன வருஷம் தரிசு போட்டவர்களில் ஒருத்தி, எனக்குத் தங்கச்சி முறை ஆகிறவள். புருஷன் வெளி மாநிலத்தில் முறுக்குக் கடையில் வேலை பார்க்கிறார். இவள் ஊரில் இருந்து ஏழெட்டு ஆடுகளையும் நிலத்தையும் பார்த்துக்கொள்கிறாள். தரிசு போட்ட ஒரே வருஷத்தில் அவள் நிலத்தில் சீமைக்கருவேலம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. கரிசலில் அது இன்னொரு வருஷம் நின்றால் வேர் பிடித்துவிடும். பிறகு ஜேசிபி வைத்துத்தான் பிடுங்க வேண்டும். டிராக்டருக்கே வழியில்லாதவள் ஜேசிபிக்கு எங்கே போவாள்? இந்த வருஷம் விதைக்காவிட்டால் நிலத்தை மறந்துவிட வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை பெய்தது. மழைக்குப் பிறகு கரிசல் இரண்டு நாள் கால் வைக்க விடாது, மூன்று நாள் பதமாக இருக்கும், அப்புறம் காய்ந்து வெடித்துவிடும். அந்த மூன்று நாளில் ஊரே என்னைத் தேடும். நான் பக்கத்து நிலம் ஒன்றை உழுதுகொண்டிருந்தபோது அவள் ஆடுகளை விட்டுவிட்டு வெகுநேரம் கரையில் நின்று பார்த்தாள். டீ குடிக்க வண்டியை நிறுத்தியதும் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க உழுததுக்கு வாடகை கேக்குதீங்களா, திரும்புனதுக்கும் சேத்துக் கேக்குதீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "திரும்பும்போது மட்டும் வண்டில பச்சத்தண்ணியா ஊத்துதேன்? அதுக்கும் டீசல்தாம்மா."

"அதத்தான் சொல்லுதேன். உழுத நேரத்துக்குச் சரியாத் திரும்புன நேரமும் ஆவுது."

இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன், எனக்கு அது உறைத்ததே இல்லை. மணிக்கு வாடகை வாங்குகிறவனுக்கு எப்படி உறைக்கும்! அவள் நிலம் இன்னும் மோசம். அவள் மாமனாருடைய நீளமான ஒரே நிலத்தை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது, ரோட்டுப் பக்கத்து நல்ல மண்ணும் ஓடைப் பக்கத்துச் சரளையும் ஆளுக்குப் பாதி வர வேண்டும் என்று குறுக்கே நாலாக வெட்டி, ஒன்று விட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். நடுவே மூன்று வரப்பு. கலப்பையை இறக்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள் தூக்கித் திருப்ப வேண்டும். வரப்பை எடுத்துவிட்டு, இரண்டு வீட்டாரும் உளுந்தே விதைத்து, ஒரே நீளமாக உழுதால் என்ன என்பது அவள் யோசனை.

யோசனை நல்லதுதான். ஆனால் இவளும் மற்றப் பங்குக்காரரான பெரியவரும், அதாவது புருஷனின் அண்ணனும், பேசி ஆறு வருஷம். காரணம் அதே வரப்புதான். வருஷா வருஷம் மண்வெட்டியால் அதைச் சீவிச் சீவி இவள் பக்கம் நகர்த்துகிறார் என்று ஊர்க்கூட்டம் வரை போயிருந்தது. "அவிய சம்மதிப்பாகளா?" என்றேன். அவள் நேராக அவர் வீட்டுக்கு நடந்தாள். வேடிக்கை பார்க்கிற புத்தி எனக்கும் உண்டு, பின்னாலேயே போனேன்.

அவர் முகம் கொடுக்கவில்லை. ஆனால் டீசல் அவரையும் விட்டுவைக்கவில்லையே. பாதி நிலத்தை விதைக்காமல் போடலாமா என்று அவரே என்னிடம் புலம்பியிருந்தார். கடைசியில் கேட்டார்: "வரப்ப எடுத்துட்டா பெறவு எல்லைக்கு யாரு சாட்சி?"

"கல்லு ஊனுங்க அத்தான். நீங்களே உங்க கையால ஊனுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

இப்படி ஏமாளியாக இருக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவளோ அன்றைக்கே மண்வெட்டியை எடுத்து மூன்று வரப்பையும் தனியாளாக வெட்டி நிரவினாள். வழியில் நின்ற கருவேலத்தையும் வெட்டி ஓரத்தில் அடுக்கினாள். கொப்புளம் கண்ட அந்தக் கைகளைப் பார்த்தபோது மனசு தாங்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டியைக் கொண்டுபோனேன். அவள் மடியில் விதை உளுந்தோடு தயாராக நின்றாள். நான் பயந்ததுதான் நடந்திருந்தது. வரப்பிருந்த இடங்களில் ஓரமாக ஊன்றிய மூன்று கல்லுமே அவள் பக்கம் ஒரு எட்டு தள்ளி நின்றன. பெரியவர் தூரத்தில் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு கேள்வி கேட்பதற்காக இறங்கப் போனேன்.

"இருங்க அண்ணாச்சி" என்று அவள் ஓடிவந்தாள். "கல்லு ஊனும்போதே பாத்துட்டேன். நீங்க வண்டிய எடுங்க, ஈரம் காயுது."

"ஒரு எட்டு மண்ணுல்லா போச்சு!"

"போகட்டும். முள்ளு வந்தா மொத்தமும்லா போயிரும்."

அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. விதையைத் தூவிக்கொண்டே முன்னால் நடக்கத் தொடங்கினாள். நான் கலப்பையை இறக்கி ரோட்டிலிருந்து ஓடை வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டினேன். அத்தனை நீளத்துக்கு அந்த மண்ணில் நான் உழுததே கிடையாது. வழக்கமாக ஆகிற நேரத்தில் பாதிதான் ஆனது. வாடகையும் பாதியாகத்தான் வந்தது, மிஞ்சிய டீசலில் அன்றைக்கே இன்னொருவர் நிலத்தையும் உழுதேன். அவளைப் போல ஒரு புத்திசாலியை, அதைவிட ஒரு தைரியசாலியை, நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. மார்கழியில் அந்த நிலம் முழுக்க உளுந்து காய்த்துக் கிடந்தது.

எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது. அதில் முக்கால் முழம் யாருக்கு என்று எட்டு வருஷமாகக் கோர்ட்டில் வழக்கு. விட்டுக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொன்ன வக்கீலையே மாற்றியவன் நான். ஊரார் நிலத்தையெல்லாம் உழுகிற என் டிராக்டர் என் சொந்த நிலத்துக்குள் இப்போது நுழையாது. அங்கே கருவேலம் என் தலைக்கு மேலே வளர்ந்து நிற்கிறது.