தேவராஜா மாஸ்டர் ஊதாத விசில்

எனக்கு தேவராஜா மாஸ்டரைப் பிடிக்கும். அவருடைய நேர்மையைத்தான் பிடிக்காது. 1975இல் வெளிநாட்டில், கிளேட்டன் என்ற ஊரில், ஒரு வாடகை வீட்டின் முன்பாதியில் அவரும் மனைவி யோகாவும் இருந்தார்கள், பின்பாதியில் நான். நான் மதுரைக்காரன், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. அவர் யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவர். தன் வகுப்பில் படித்த சொந்தத் தம்பிக்கு மற்றவர்களைவிட இரண்டு அடி கூடவே கொடுப்பாராம். 'மாஸ்டர் சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறார்' என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே! அங்கே அந்தக் காலத்து வாத்தியார்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு.

இங்கே ஒரு ஹைஸ்கூலில் அவருக்குத் தற்காலிக வேலை. ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறது. ஹெட்மாஸ்டர் நல்லபடி எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம், இந்த நாட்டில் இருக்கவும் வழி பிறக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். யோகா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

ஜூலையில் பள்ளிகளுக்கிடையிலான கால்பந்து இறுதிப் போட்டி. வரவேண்டிய ரெஃபரிக்குக் காய்ச்சல். ஊரில் ரெஃபரியாக இருந்தவர் என்று மாஸ்டரைப் பிடித்து விசிலைக் கொடுத்தார்கள். எதிரணியும் சம்மதித்தது. ஆடுவதோ அவருடைய பள்ளி. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்றால் எப்படி? நானும் பார்க்கப் போயிருந்தேன்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. எக்ஸ்ட்ரா டைமிலும் அதே நிலைமை. சமமாக முடிந்தால் போன வருடம் வென்ற எதிரணிக்கே கோப்பை. மழைத் தூறலில் பையன்களின் அப்பாமார் கயிற்றைத் தள்ளிக்கொண்டு கோட்டருகே வந்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் குடையில்லாமல் நின்றார். கடைசி நிமிடத்தில் மாஸ்டருடைய பள்ளி ஆட்டக்காரன் ஒருவனை எதிரணியினர் கோலருகே காலை வாரி வீழ்த்தினார்கள். பெனால்டி.

நேரம் முடிந்தது, இந்த ஒரு உதைதான், கீப்பர் தடுத்துப் பந்து திரும்பி வந்தால் மறுபடி அடிக்கக் கூடாது என்று மாஸ்டர் இரண்டு கேப்டன்களிடமும் சொன்னார். விழுந்த பையனே உதைத்தான். கீப்பர் தடுத்தான். திரும்பி வந்த பந்தை அவனே வலைக்குள் அடித்துவிட்டான். ஒரே ஆர்ப்பாட்டம்! மாஸ்டர் இரண்டு கைகளையும் குறுக்கே வீசி கோல் இல்லை என்றார்.

சத்தம் சட்டென்று அடங்கியது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இருபது முப்பது பேர் அவரைச் சுற்றி நெருங்கினார்கள். யாரும் கை வைக்கவில்லை, வழியும் விடவில்லை. ஹெட்மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறாயா என்று இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். விதி அதுதான் என்றார் மாஸ்டர். ஹெட்மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் கோலுக்குப் பின்னால் நின்றவன். அங்கே பார்த்த ஒன்றை வீடு வரும்வரை அடக்கிவைத்திருந்தேன். சமையலறையில் யோகா தேத்தண்ணி ஊற்றியபோது வாய் நிற்கவில்லை.

"மாஸ்டர், பையன் உதைக்கிறதுக்கு முன்னாடியே கீப்பர் கோட்டைவிட்டு ரெண்டு அடி முன்னால வந்துட்டான். விதிப்படி விசில் ஊதி மறுபடி உதைக்க விட்டிருக்கணும். நீங்க பார்க்கலையா?"

"கண்டனான்" என்றார்.

யோகா கெட்டிலோடு திரும்பினார். "கண்டனீங்களோ? பிறகேன் ஊதேல்லை?"

"எங்கட பள்ளிக்கூடமப்பா. ரெண்டாந்தரமும் அடிக்கக் குடுத்தால், வேலைக்காகக் குடுத்ததெண்டு சொல்லுவினம்."

"விதியில அப்பிடித்தானே இருக்கு?"

"ஓம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போய்விடலாம் போலிருந்தது. விதி விதி என்று அத்தனை பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தியவர், அதற்குச் சில விநாடிகள் முன்புதான் விதியை மீறியிருக்கிறார். அந்தப் பையன் பாவம்.

யோகா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "ஆர் சொல்லுவினமெண்டு பயந்தனீங்கள்? இஞ்சை எங்களை ஆருக்குத் தெரியும்?"

மாஸ்டர் எழுந்து நனைந்த சட்டையை மாற்றப் போனார். மூன்றாம் வாரம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது, இரண்டே வரி. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. ஆகஸ்ட் கடைசியில், எட்டாம் மாத வயிற்றோடு யோகா கொழும்பு விமானம் ஏறினார். மாஸ்டர் அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.